பப்பாளி பழுத்த வீட்டு டாக்டர்

கண்ணாடி ஸ்லைடை முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். "வாங்க வாங்க. எங்கேருந்து வர்றீங்க, குடலா, கழுத்தா?" என்று அதனிடம் விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைப்பார். நோயாளியின் பெயர் ஒட்டியிருக்கும் ஓரத்தை இடது கைக் கட்டைவிரல் மறைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பெயரை அவர் படிக்க மாட்டார். "பேரு தெரிஞ்சா கண்ணு தாட்சண்யம் பாக்க ஆரம்பிச்சுடும். இந்த ஊர்ல பாதிப் பேரு எனக்குத் தெரிஞ்சவங்க, மீதிப் பேரு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சவங்க" என்பார்.

டாக்டரம்மா கோப்புக்கு வேலை, பாங்காக்குக்கு வடகிழக்கே ஈசான் சீமையில், சி ஆற்றங்கரையில் உள்ள மாகாண ஆஸ்பத்திரியில், அறுத்தெடுத்த சதைத் துணுக்கைப் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்வது. கோப் என்றால் தவளை. சர்டிபிகேட்டில் ராஜகுமாரிக்கு வைக்கிற மாதிரி ஒரு நீளப் பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி ஈசானில் யார் கூப்பிடப் போகிறார்கள்? பிறந்தபோது கண் இரண்டும் பெரிசாக இருந்ததாம், அப்பா தவளை என்று வைத்துவிட்டார். இப்போது ஐம்பத்து நான்கு வயது. கண் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நோயாளிகளை அவர் பார்ப்பதில்லை. வார்டுப் பக்கம் போனால் வழி தெரியாமல் திண்டாடுவார். "முழு மனுஷன் எனக்குச் சரிப்பட மாட்டான். துண்டாக் குடுங்க, பேசிக்கறேன்" என்று சொல்வதை ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் இதே காரணத்தைத்தான் சொல்வார்.

மதியச் சாப்பாடு லேபுக்குப் பின்னால் புளியமரத்தடியில். உள்ளே பார்மலின் நெடியில் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. சதையை மெல்லிசாகச் சீவி ஸ்லைடு செய்து தருகிற லம்யாய் என்ற அம்மாள் மூங்கில் கூடையில் பசையரிசிச் சோறும், சுட்ட கோழியும், ஊறல் மீன் போட்டு இடித்த பப்பாளிக்காயும் கொண்டுவருவாள். காது மூக்கு தொண்டை டாக்டர் பென்ஸும் வந்து சேர்ந்துகொள்வான். பாங்காக்கிலிருந்து மாற்றலாகி வந்த பையன். பென்ஸ் என்று பேர் வைத்த அப்பா இன்றுவரை ஓட்டுவது பழைய பிக்கப் வண்டி. "உன் பேரை வித்தாலே அப்பா ஒரு கார் வாங்கியிருக்கலாம்டா தம்பி" என்று கோப் அவனைச் சீண்டாத நாள் இல்லை. "தவளையெல்லாம் காரைப் பத்திப் பேசுது பாருங்க" என்பான் அவன். மூத்தவர்களை அப்படிப் பேசக் கூடாதுதான். ஆனால் கோப்பிடம் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு.

அந்த மரத்தடியில்தான் அவருடைய இன்னொரு வித்தை நடக்கும். யார் குரலானாலும் அப்படியே பேசிக் காட்டிவிடுவார். பெரிய டாக்டர் தொண்டையைச் செருமுவது, மயக்க மருந்து டாக்டர் எண்ணச் சொல்வது, சமையல்கார அம்மா அடுப்பைத் திட்டுவது எல்லாம் வரும். ஆனால் கூட்டம் கேட்டு வாங்குவது ஒரே ஒருவரைத்தான். அவர் தோங்மா, கோப் குடியிருக்கும் கிராமத்தின் தலைவர். மரத்தடியில் அவரைப் பெயர் சொல்லாமல் 'தலைவர்' என்றுதான் சொல்வார்கள்.

தோங்மாவுக்கும் கோப்புக்கும் ஆகாது. ஊர் மைக்செட்டுக் கம்பம் கோப் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு அதன் குழாயில் முதலில் மோலாம் என்கிற நாட்டுப்புறப் பாட்டு ஒன்று, பிறகு தலைவரின் குரல். கொசு மருந்து அடிக்க வருகிறார்கள், யாருடைய எருமையைக் காணோம், கோயிலில் என்ன விசேஷம், யார் செத்துப்போனார்கள் எல்லாம் அதில் வரும். கோப் போய்ச் சண்டை போட்டார். தோங்மா ஏணி வைத்து ஏறி, குழாயைக் கோப்பின் ஜன்னலை விட்டு ஒரு சாண் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினார். மறுநாள் காலை குழாயில் இப்படி வந்தது: "கோப் வீட்டு பப்பாளி பழுத்துப் போச்சு. காக்கா கொத்துது. வேணுங்கறவங்க போய்ப் பறிச்சுக்கோங்க."

ஈசானில் பப்பாளியைக் காயாகப் பறித்து இடித்துத்தான் சாப்பிடுவார்கள். ஒரு வீட்டில் பப்பாளி பழுத்துத் தொங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலக்கையைத் தொட ஆளில்லை என்று அர்த்தம். ஊர் சிரி சிரி என்று சிரித்தது. அன்றிலிருந்து கோப் விடியற்காலையில் லேப் பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்ள ஆரம்பித்தார். பழிக்குப் பழியாக அந்த வாக்கியத்தை மரத்தடியில் பேசிக் காட்டவும் ஆரம்பித்தார். எழுந்து நின்று, இல்லாத தொப்பையை முன்னே தள்ளி, அடிவயிற்றிலிருந்து "கோப் வீட்டு பப்பாளி பழுத்துப் போச்சு" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தோங்மாவே வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

போன மழைக்காலத்தில் தலைவரின் குரல் கெட்டியானது. சளி என்றார்கள். ஊரில் ஒரு கிளினிக்கில் சைனஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. "எருமை காணோம்" என்பது குழாயில் "எருபை காணோப்" என்று வந்தது. மரத்தடியில் புது மாதிரிக்கு ஏகப்பட்ட கிராக்கி. கோப் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எருபை காணோப்" என்று சொன்னால் லம்யாய்க்குப் புரையேறிவிடும்.

அதே நாட்களில் ஒரு மூக்கிலிருந்து எடுத்த துணுக்கு இரண்டு தடவை கோப்பிடம் வந்தது. இரண்டு தடவையும் அவர் பார்த்தது செத்த சதை. உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. பூஞ்சையும் இல்லை, காசநோயும் இல்லை. "செத்த சதை, இதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்று பென்ஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் இருந்த பெயர் தோங்மாவுடையது. அவர் விரலை எடுக்கவில்லை.

பிறகு தோங்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சேற்றில் இறங்கி நாற்று நடுகிற ஆள், சர்க்கரை வேறு இருக்கிறது, மழைக்காலம். இந்தப் பக்கத்தில் இந்த மூன்றும் சேர்ந்தால் டாக்டர்கள் முதலில் நினைப்பது மண் காய்ச்சலைத்தான். சேற்றில் இருக்கிற கிருமி உடம்புக்குள் போய் வருகிற நோய் அது. நுரையீரலில் வரும், ஈரலில் வரும், எங்கே வேண்டுமானாலும் சீழ் வைக்கும், தாமதித்தால் ஆளை முடித்துவிடும். அதைச் சந்தேகப்படாத டாக்டரைத்தான் இங்கே திட்டுவார்கள். ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்ததில் கிருமி ஒன்றும் வளரவில்லை. "வளரலன்னா இல்லன்னு அர்த்தமா?" என்று வார்டில் அதற்கே மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது, மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் துணைத்தலைவர்தான் மைக்கைப் பிடித்தார். அவர் வாசிப்பது பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற மாதிரி இருக்கும், யாரும் காது கொடுக்கவில்லை.

தோங்மா திரும்பி வந்து மைக்கைப் பிடித்த அன்றைக்கு மதியம் லம்யாய் கேட்டாள். "அக்கா, தலைவர் வந்துட்டாரு. கொரலு இன்னும் மாறிப் போச்சு. எங்கே, பண்ணுங்க பாப்போம்."

கோப் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். சரியாக வரவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தார். அப்போதும் வரவில்லை. "இரு இரு. இப்ப அவரு 'ம'வை நல்லாதான் சொல்றாரு. 'ப'வும் 'க'வும்தான் போயிடுச்சு." மூக்கிலிருந்து விரலை எடுத்தார். பப்பாளி என்று சொல்லும்போது காற்றை வாய் வழியாக விடாமல் மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். வாயில் நிற்க வேண்டிய சத்தம் மேலே சீறிப் போனது. காலையில் குழாயில் கேட்ட குரல் அச்சு அசலாக வந்துவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். கோப் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோழித் துண்டைக் கீழே வைத்துவிட்டு, நாக்கால் தன் மேல்வாயைத் தடவிப் பார்த்தார்.

"என்ன அக்கா?" என்றான் பென்ஸ்.

"சளி பிடிச்சா மூக்கு அடைக்கும். அடைப்பு விட்டுட்டா கொரலு நல்லாகணும். இது அடைப்பு விட்டதும் இன்னும் கெட்டுப் போயிருக்கு. காத்து எங்கேயோ ஒழுகுதுடா தம்பி. மேல்வாய்ல ஓட்டை விழாம இப்படி ஒரு கொரலு வராது."

"யாருக்கு?"

"தோங்மாவுக்கு. எங்க ஊர்த் தலைவருக்கு."

பென்ஸ் சோற்று உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். "அக்கா, அவருக்கு நான்தானே ரெண்டு தடவை பயாப்சி எடுத்தேன். நீங்கதானே பாத்தீங்க. செத்த சதைன்னு சொன்னீங்களே."

கோப் தன் இடது கைக் கட்டைவிரலைப் பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது. நல்ல மனிதரோ கெட்ட மனிதரோ, இத்தனை நாள் அந்த ஆளின் நோயை வைத்து மரத்தடியில் சிரிப்பு மூட்டியிருக்கிறோம் என்பதில் வெட்கமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலமே டார்ச்சை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். தோங்மாவின் மனைவி சாலி முற்றத்தில் பசையரிசி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். கோப்பைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொழாயைப் பத்தின்னா இன்னொரு நாளைக்கு வாங்க டாக்டரம்மா. மனுஷன் ஒடம்பு சரியில்லாம கெடக்கறாரு."

"கொழா கெடக்கட்டும் சாலி அக்கா. அவரு வாயைப் பாக்கணும்."

உள்ளே மின்விசிறிக்கு அடியில் தோங்மா கட்டம் போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தொப்பை காணாமல் போயிருந்தது. கோப்பைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

"இத்தன வருஷமா என் வாயை மூடுன்னு சண்டை போட்டீங்க. இப்ப நீங்களே வந்து தொறன்னு சொல்றீங்க."

ஒவ்வொரு சொல்லுக்கும் மூக்கிலிருந்து காற்று சீறியது. கோப் டார்ச் அடித்துப் பார்த்தார். மேல்வாயின் நடுவில் சட்டைப் பொத்தான் நுழைகிற அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் கறுத்திருந்தது. அழுகிய வாடை முகத்தில் அடித்தது. கோப் முகத்தைத் திருப்பவில்லை.

"தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது டாக்டரம்மா," என்றாள் பின்னால் நின்ற சாலி. "கஞ்சியும் வருது. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"பின்னே? தலைவன் மூக்குல கஞ்சி விடறான்னு ஊர்ல சொல்லவா?" என்றார் தோங்மா. "ஏற்கெனவே சிரிக்கறாங்க. ஆஸ்பத்திரில யாரோ என்னை மாதிரியே பேசிக் காட்டறாங்களாம்."

"நான்தான்," என்றார் கோப்.

"தெரியும். நல்லாப் பண்றீங்கன்னு சொன்னாங்க."

கோப் டார்ச்சை அணைத்தார், மறுபடி போட்டார்.

"மண் காய்ச்சல்தானே டாக்டர்? மாத்திரை முடிஞ்சா சரியாயிடும்ல?"

"மண் காய்ச்சலாத் தெரியல. பேரு கண்டுபிடிக்காம வாயைத் தொறக்க மாட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. மறுபடியும் கொஞ்சம் சதை எடுக்கணும்."

தோங்மா சாலியைப் பார்த்தார். சாலி அதற்குள் துணிப்பையை எடுத்துவிட்டாள்.

மறுநாள் பென்ஸ் தயங்கினான். "மூணாவது தடவையா? சர்க்கரை இருக்கற ஆளு. ரத்தம் நிக்கலன்னா என்னக்கா பண்றது? வார்டுல மாத்திரை முழுசா முடியட்டும்ங்கறாங்க."

"மாத்திரை முடியறதுக்குள்ள மூஞ்சி போயிடும், அப்புறம் ஆளும் போயிடுவாரு. கேளு. நான் சந்தேகப்படற நோய் போற வழியெல்லாம் ரத்தக் கொழாயை அடைச்சுக்கிட்டே போகுது. பின்னால இருக்கற சதை பட்டினில செத்துடுது. எரிஞ்சு போன வீட்டுலேருந்து சாம்பலை அள்ளிட்டு வந்து, கொளுத்தினவன் யாருன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்வேன்? இன்னும் எரிஞ்சுட்டிருக்கற எடத்துலேருந்து எடு. ஓரத்துல, செவப்பா ஈரமா இருக்கும் பாரு, அங்க. ஆழமா எடு."

"அப்ப நான் எடுத்ததுதான் தப்பா?"

"இது போதாது, திரும்ப எடுன்னு நான் சொல்லியிருக்கணும்டா. செத்த சதைன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடப் போயிட்டேன். உன் தப்பு பாதி, என் தப்பு பாதி. இப்ப வா."

ஆபரேஷன் தியேட்டருக்குள் கோப் வருவதைப் பார்த்து நர்ஸுக்கு ஆச்சரியம். உடுப்பு அளவு சேராமல் தொளதொளவென்று தொங்கியது. பென்ஸ் துணுக்கை எடுத்து எடுத்துத் தட்டில் வைத்தான். கோப் ஒவ்வொன்றையும் பார்த்து, "சாம்பல்" என்றார். "இதுவும் சாம்பல். இன்னும் உள்ள போ." ரத்தம் கொட்டியது. பென்ஸ் அடைத்து நிறுத்தினான், நெற்றி வேர்த்தது, நர்ஸ் கோப்பை முறைத்தாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு தம்பி" என்றார் கோப். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து ஆழமாக ஒன்று எடுத்தான். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. கோப் அதை இடுக்கியால் விளக்கு வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"வாங்க" என்றார்.

லம்யாய் சீவிக் கொடுத்த ஸ்லைடில் இந்தத் தடவை உயிருள்ள செல்கள் இருந்தன. கோணல்மாணலாக, ரத்தக் குழாயின் சுவரைச் சுற்றி மொய்த்து, சுவரையே உடைத்து உள்ளே புகுந்திருந்தன. பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விசேஷச் சாயம் போட்டுப் பார்த்தார்கள். இந்தச் செல்களுக்குள் குடியிருக்கிற வைரஸ் ஒன்று இருந்தால் அந்தச் சாயத்தில் அவை கருநீலமாகும். எல்லாம் கருநீலமாகின. நிணநீர்ப் புற்றுநோயில் அரிதான வகை, இந்தப் பக்கத்து நாடுகளில்தான் கொஞ்சம் கூடுதலாக வரும், மூக்கில் ஆரம்பிக்கும், வேகமாகப் போகும். "இந்த நோயும் என்னை மாதிரியேதான் லம்யாய்," என்றார் கோப். "சைனஸ் கொரல்ல பேசிச்சு, புண்ணு கொரல்ல பேசிச்சு, மண் காய்ச்சல் கொரல்லயும் பேசிச்சு. சொந்தக் கொரலைக் காட்டவே மாட்டேன்னுடுச்சு." பிறகு கட்டைவிரலை எடுத்துவிட்டு, ஸ்லைடின் ஓரத்தில் இருந்த பெயரை ஊர்ப் பெயரோடு சேர்த்து வாய்விட்டுப் படித்தார். லேபில் அவர் ஒரு பெயரைப் படித்து லம்யாய் கேட்டது அதுதான் முதல் தடவை.

உடம்பு முழுக்க ஸ்கேன் செய்ததில் மூக்கையும் மேல்வாயையும் தாண்டி எங்கும் ஒன்றும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் கோப்புக்குச் சோறு இறங்கியது.

நோயாளியிடம் சொல்வது பென்ஸின் வேலை. கோப் கதவோரம் நின்றார். சொல்லி முடித்ததும் தோங்மா பென்ஸை விட்டுவிட்டு நேராக அவரைக் கேட்டார்.

"பொழைப்பேனா டாக்டர்?"

"வேற எங்கேயும் பரவல. அதுதான் பெரிய விஷயம். கதிர் வைக்கணும், மருந்து ஏத்தணும். பாடாப் படுத்தும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கட்டத்துல பிடிச்சா பொழைக்கறவங்கதான் அதிகம்."

"கொரலு?"

"பல் டாக்டர் மேல்வாய்க்கு ஒரு தட்டு செஞ்சு தருவாரு. ஓட்டை மூடிடும்."

"மூடிடும். அது என் கொரலா இருக்குமா?"

சாலி முந்திக்கொண்டு, "மொதல்ல ஆளு இருங்க, அப்புறம் கொரலைப் பாத்துக்கலாம்" என்றாள்.

குளிர்காலம் முழுக்கவும் அதற்குப் பிறகும் புருஷனும் பெண்டாட்டியும் பெரிய ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். இங்கே குழாயில் துணைத்தலைவர் முணுமுணுத்தார். கோப் காதில் பஞ்சை வைப்பதை விட்டுவிட்டார். ஆனாலும் ஆறு மணிக்குத் தானாக முழிப்பு வந்து தொலைத்தது. "என்ன படிக்கறான் இவன், வாயில கொழுக்கட்டையா?" என்று மைக்செட்டைத் திட்டிக்கொண்டே பல் தேய்ப்பார். மரத்தடியில் தோங்மாவைப் பேசிக் காட்டச் சொன்னால், "அந்த ஆட்டம் முடிஞ்சுது" என்று மறுத்துவிடுவார்.

புதுவருஷத் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு தோங்மா திரும்பி வந்தார். தலையில் முடி இல்லை, சட்டை தோளில் நிற்கவில்லை. ஆனால் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. மேல்வாயில் தட்டு பொருத்தியிருந்தார்கள், கஞ்சி குடித்தால் கஞ்சி வயிற்றுக்குப் போனது. பேச மட்டும் மாட்டேனென்றார். ஒரு கேள்விக்கு ஒரு சொல்தான் பதில், அதுவும் கையால் வாயை மறைத்துக்கொண்டு. மைக்கைக் கையில் கொடுத்தால் துணைத்தலைவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஒரு மதியம் புளியமரத்தடிக்கு வந்து நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"டாக்டர்," என்றார். குரல் இன்னும் மூக்கில் ஒழுகியது. "தட்டு வச்சும் பழசு வரமாட்டேங்குது. எப்படிப் பேசினேன்னே மறந்து போச்சு. என் கொரலு உங்ககிட்டதான் பத்திரமா இருக்கு. ஒரு தடவை பண்ணுங்க."

கோப் சோற்றுக் கூடையை மூடி வைத்தார். எழுந்து நின்றார். தொப்பையை முன்னே தள்ளி, "கோப் வீட்டு பப்பாளி பழுத்துப் போச்சு" என்றார்.

தோங்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "வயித்துலேருந்துல்ல வருது."

"நீங்க எப்பவும் வயித்துலேருந்துதான் கத்துவீங்க. ஒடம்பு எளைச்சதும் தொண்டைக்கு ஏத்திட்டீங்க. கீழே எறக்குங்க."

தோங்மா சொல்லிப் பார்த்தார், ஒழுகியது. கோப் கைகூப்பிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தன்னைவிட மூத்த அந்த மனிதரின் மூக்கை இரண்டு விரலால் பிடித்தார். "இப்பச் சொல்லுங்க." அவர் சொன்னார். கோப் விரலை விட்டார். "இப்ப." மறுபடி சொன்னார். "ரெண்டும் வேற வேறயா இருக்கு பாருங்க. பிடிச்சாலும் பிடிக்காட்டியும் ஒரே மாதிரி கேக்கணும். அப்பதான் ஒழுகலன்னு அர்த்தம். இந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்க. இதுல மூக்கு வேலை கெடையாது, எல்லாம் வாய்தான்."

"வேற வரியே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

"நீங்க குடுத்த வரிதானே."

அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் மரத்தடியில் இதே கூத்துத்தான். தட்டு உறுத்தினால் தோங்மா பல் டாக்டரிடம் போய் ராவிக்கொண்டு வருவார். களைப்பு வந்தால் லம்யாயின் பாயில் படுத்துவிடுவார். கோப் தோங்மாவாகப் பேசிக் காட்டுவார், தோங்மா கோப்பைப் பார்த்துத் தன் பழைய குரலைப் பேசிப் பார்ப்பார். அதைக் கேட்டுக் கேட்டு சமையல்காரம்மாவும் அடுப்பைத் திட்டுவதை விட்டுவிட்டுப் பப்பாளியைச் சொல்ல ஆரம்பித்தாள். நோய் திரும்புகிறதா என்று இன்னும் சில வருஷம் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முடிவு வருகிற அன்று கோப் காலையிலேயே பென்ஸைப் பிடுங்க ஆரம்பித்துவிடுவார். பெயரைக் கட்டைவிரலால் மறைக்கிற பழக்கம் அவரை விடவில்லை. ஆனால் மூக்குச் சதை எது வந்தாலும் இப்போது போன் போட்டு, "ஆளைப் பேசவிட்டுக் கேட்டியா? கொரலு எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஸ்லைடைத் தூக்குவார்.

முதல் மழை பெய்து ஈரம் காயாத ஒரு காலையில், கோப் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குழாயில் மோலாம் பாட்டு முடிந்தது. மைக்கை யாரோ தட்டினார்கள். தட்டின தட்டே துணைத்தலைவருடையது இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நாய்க்கு ஊசி போட வர்றாங்க. நாயைப் பிடிச்சுக்கிட்டு கோயிலுக்கு வந்துடுங்க." கொஞ்சம் இடைவெளி விட்டது. "கோப் வீட்டு பப்பாளி பழுத்துப் போச்சு."

மறுபடி இடைவெளி.

"கோப் வீட்டு பப்பாளி பழுத்துப் போச்சு."

"ஒரு தடவை சொன்னாப் போதாதா? எதுக்கு மூக்கை..." என்று பின்னாலிருந்து சாலியின் குரல் மைக்கில் விழுந்தது, மைக் அணைந்தது. பக்கத்து வீடுகளில் சிரிப்புக் கேட்டது. கோப் பல் குச்சியோடு அப்படியே நின்றார். எந்தத் தடவை தோங்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார், எந்தத் தடவை விட்டுவிட்டுச் சொன்னார் என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொல்லைக்குப் போய்த் துறட்டியை எடுத்தார். மரத்தில் பப்பாளி உண்மையாகவே பழுத்துத்தான் தொங்கியது, ஒரு பக்கம் பறவை கொத்தியிருந்தது. அதைத் தாண்டிப் போனார். சுவரோரம் ஸ்டூலைப் போட்டு ஏறினார். துறட்டியின் கொக்கியைக் குழாயின் விளிம்பில் மாட்டி, தன் ஜன்னல் பக்கமாக ஒரு சாண் இழுத்துத் திருப்பினார்.